நார்சிசப் பண்புகளின் குழந்தைப் பருவ வேர்கள்: சொல்லும் கருத்தும் தமிழாக்கமும்

0. முன்னுரை

பிள்ளை வளர்ப்பு, கல்வி உளவியல், மனநலம் ஆகிய துறைகளைச் சார்ந்த நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் கலைச்சொற்களுள் ‘நார்சிசம்’ என்பதும் ஒன்று. இதற்குத் தற்காதல், தன்மோகம், சுயமோகம், தற்பெருமை, செருக்கு எனப் பல சொற்கள் இடத்திற்கேற்ப ஆளப்படுகின்றன. இவற்றுள் எது செவிக்கு இனியது என்பது இக்கட்டுரையின் கேள்வியன்று. இச்சொற்கள் ஒவ்வொன்றும் நார்சிசம் எங்கிருந்து தோன்றுகிறது என்பது பற்றிய ஒரு கருத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டுள்ளது. அக்கருத்து மூலநூலின் கருத்தோடு மாறுபடும்போது ஆய்வு முடிவே தலைகீழாகிவிடுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். பெற்றோர் தம் பிள்ளையை மற்றப் பிள்ளைகளைவிட மேலானவனாகக் கருதி நடத்துவது நார்சிசப் பண்புகளை வளர்க்கிறது என அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. இவ்வாறு கருதுவதைக் குறிக்கும் கலைச்சொல்லை ‘அளவுக்கு மீறிய அன்பு’ என்றோ ‘அதிகச் செல்லம்’ என்றோ பெயர்த்துவிட்டால், அன்பைக் குறைத்துக்கொள்வதே பிள்ளைக்கு நல்லது எனத் தமிழ் வாசகர் பொருள்கொள்வர். ஆனால் அதே ஆய்வுகள், அன்பும் அரவணைப்பும் பிள்ளையின் தன்மதிப்பை வளர்க்கின்றன என்றும், அவற்றால் நார்சிசம் மிகுவதில்லை என்றும் தெளிவாகக் காட்டியுள்ளன. ஒரு சொல்லின் பிழை ஒரு வீட்டின் வளர்ப்பு முறையையே பாதிக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

மூலக்கருத்தின் வரலாறு விளங்கிய பின்னரே சொல் தேர்வு பற்றிப் பேசுதல் முறை. ஆதலின் முதல் நான்கு பகுதிகளில் ‘நார்சிசம்’ என்னும் ஒலிபெயர்ப்பே ஆளப்படுகிறது.

1. சொல்லின் பிறப்பும் பொருள் மாற்றமும்

1.1 நார்சிசஸ் என்னும் இளைஞனின் கதை கிரேக்க மரபினது. அதன் புகழ்பெற்ற வடிவம் உரோமானியக் கவிஞர் ஓவிட் இலத்தீனில் இயற்றிய ‘மெட்டமார்ஃபசஸ்’ என்னும் காவியத்தின் மூன்றாம் பகுதியில் உள்ளது. இக்காவியம் ஏறத்தாழ கி.பி. 8இல் நிறைவுற்றது. தன் மகன் நெடுங்காலம் வாழ்வானா எனத் தாய் லிரியோப்பே குறிசொல்வோனாகிய டைரீசியசைக் கேட்கிறாள். தன்னை அறியாதிருப்பின் வாழ்வான் என விடை வருகிறது. பின்னர் அவன் சுனைநீரில் தன் உருவைக் கண்டு மயங்குகிறான்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவன் முதலில் காதல் கொண்டது தன்மீதன்று. வேறொருவர் எனத் தான் எண்ணிய நிழலுருவின்மீது. அது தன் உருவே என்பதை அவன் பின்னரே உணர்கிறான். எனவே கதையின் மையம் ‘தான்’ என்பதைவிடத் ‘தன் பிம்பம்’ என்பதே எனலாம். இவ்வேறுபாடு பிற்கால உளவியலில் மீண்டும் தலைகாட்டுகிறது.

1.2 இக்கதையை மருத்துவச் சொல்லாடலுக்குள் கொணர்ந்தவர்கள் இருவர். ஆங்கில அறிஞர் ஹேவ்லாக் எல்லிஸ் 1898இல் நார்சிசஸைப் போன்றதொரு மனப்போக்கைப் பற்றி எழுதினார். ஜெர்மானிய மனநல மருத்துவர் பால் நெக்கே 1899இல் அதனை ஒரு பெயர்ச்சொல்லாக்கினார். தன் உடலையே பாலின்பப் பொருளாகக் கொள்ளும் பிறழ்வை அச்சொல் அன்று குறித்தது.

சிக்மண்ட் பிராய்டு இச்சொல்லை ஏற்றபோது அதன் வடிவத்தைப் பற்றியும் கருத்துரைத்தார். இலக்கண முறைப்படி அமையும் நீண்ட வடிவத்தைவிடக் குறுகியதும் செவிக்கு அத்துணை இன்னா ஒலி தராததுமான வடிவத்தையே தாம் விரும்புவதாக 1911இல் அவர் குறிப்பிட்டார். கலைச்சொல்லாக்கத்தில் இலக்கணத் தூய்மைக்கும் வழக்கு எளிமைக்கும் இடையே எழும் போராட்டம் நம் மொழிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

1.3 1914இல் வெளிவந்த நார்சிசம் பற்றிய தம் கட்டுரையில் பிராய்டு இச்சொல்லின் பொருளை விரிவாக்கினார். அது பிறழ்வு மட்டுமன்று. எல்லாக் குழந்தைகளும் கடந்துவரும் வளர்ச்சி நிலையுமாகும் என்றார். பின்னர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் தன் நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ‘நார்சிச ஆளுமைக் கோளாறு’ என்பதைத் தனி வகையாகச் சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் ஒன்பது அளவைகளுள் ஐந்தேனும் பொருந்த வேண்டும் என்னும் விதியோடு அது நீடிக்கிறது. மாறாக, 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பகுப்பில் ஆளுமைக் கோளாறுகள் இவ்வாறு பெயரிட்டு வகைப்படுத்தப்படாமல், கடுமையின் அளவாலும் பண்புக்கூறுகளாலும் விவரிக்கப்படுகின்றன.

இதனால் ‘நார்சிசம்’ என்னும் ஒரே சொல் ஒரு பாலியற் பிறழ்வையும், இயல்பான வளர்ச்சி நிலையையும், ஆளுமைக் கோளாற்றையும், எல்லா மாந்தரிடமும் கூடியும் குறைந்தும் காணப்படும் பண்பையும் குறித்து வந்துள்ளமை விளங்கும். மொழிபெயர்ப்பாளர் முதலில் அறியவேண்டியது மூலநூல் இவற்றுள் எதனைக் குறிக்கிறது என்பதே. குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நான்காவது பொருளையே கொள்கின்றன. அங்கே ‘கோளாறு’ என்னும் சொல்லைச் சேர்ப்பது பிழையாகும்.

2. குழந்தைப் பருவ வேர் பற்றிய கோட்பாடுகள்

2.1 பிராய்டு தம் 1914ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெற்றோரின் அன்பையும் ஆராய்ந்தார். பெற்றோர் தாம் எப்போதோ கைவிட்ட தற்காதலைக் குழந்தையின் வழியாக மீட்டுக்கொள்கின்றனர். ஆதலால்தான் குழந்தையிடம் எல்லா நிறைகளையும் காண்கின்றனர், அதன் குறைகளை மறக்கின்றனர், வாழ்வின் நெறிகள் அதற்குப் பொருந்தா என்பது போல அதனை ஓர் அரசனாக்கி வைக்கின்றனர் என்பது அவர் கருத்து. ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு’ என்னும் நம் பழமொழி இதே காட்சியை இயல்பான ஒன்றாகக் கண்டு புன்னகைக்கிறது. பிராய்டு அதன் காரணத்தைப் பெற்றோரின் மனத்தில் தேடினார்.

2.2 வியன்னாவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய ஹைன்ஸ் கோஹுட் 1971இல் வெளியிட்ட தம் நூலில் வேறொரு விளக்கம் தந்தார். தன்னைக் காட்டிக்கொண்டு மகிழ்தல் குழந்தைக்கு இயல்பு. தாயின் முகம் அம்மகிழ்ச்சியை எதிரொளிக்க வேண்டும். எதிரொளிப்புப் போதிய அளவில் கிடைத்து, பின்னர்த் தாங்கத்தக்க சிறுசிறு ஏமாற்றங்களும் நேரும்போது, குழந்தையின் மிகையுருவான தன்னிலை படிப்படியாக நடைமுறைக்கு ஏற்ற தன்மதிப்பாக மாறுகிறது. எதிரொளிப்பே கிடைக்காத குழந்தையிடம் அம்மிகையுரு முதிராமல் தங்கிவிடுகிறது. வளர்ந்த பின்னும் அவர் பிறருடைய வியப்பை நாடிக்கொண்டே இருக்கிறார். ஓவிட்டின் நார்சிசஸ் நீரில் தன் உருவைக் கண்டான். கோஹுட்டின் குழந்தையோ தாயின் கண்ணில் தன் உருவைத் தேடுகிறது. கண்ணாடி ஒன்றே, இடம் வேறு.

2.3 ஓட்டோ கெர்ன்பெர்க் 1975இல் இதனை மறுத்தார். நார்சிச ஆளுமை முதிராமல் நின்றுபோன இயல்பு வளர்ச்சியன்று. குளிர்ந்த, உள்ளூரக் கடுமை மிக்க பெற்றோரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் குழந்தை எழுப்பிய அரண் என்பது அவர் கொள்கை. அத்தகைய குழந்தையிடம் பெற்றோர் மெச்சும் தனித்திறன் ஒன்று இருப்பதுண்டு. அத்திறனே அதற்குப் புகலிடமாகிறது. அன்பு கிடைக்காத இடத்தில் வியப்பேனும் கிடைக்கிறது.

2.4 தியடோர் மில்லன் 1981இல் சமூகக் கற்றல் நோக்கிலிருந்து முற்றிலும் மாறான விடையைத் தந்தார். இங்கே குறைபாடு இல்லை, மிகையே காரணம். பெற்றோர் பிள்ளையைக் காரணமின்றி உயர்த்தி மதிப்பிடுகின்றனர். பிள்ளை அம்மதிப்பீட்டை உண்மையெனக் கற்றுக்கொள்கிறது. வெளியுலகும் அவ்வாறே தன்னை நடத்தவேண்டும் என எதிர்பார்க்கிறது.

2.5 கோஹுட்டும் கெர்ன்பெர்க்கும் வேரைக் குறையில் கண்டனர். மில்லன் மிகையில் கண்டார். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்தல்’ என்னும் தமிழ் வழக்கு மில்லனின் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். ஆயின் அது முழுப் பொருத்தமன்று என்பது பின்னர் விளங்கும்.

3. அளவை ஆய்வுகள் கூறுவன

3.1 மேற்கண்ட கோட்பாடுகள் பெரிதும் சிகிச்சைக்கு வந்த வளர்ந்தோரின் கூற்றுகளை அடிப்படையாகக் கொண்டவை. வளர்ந்தோர் தம் இளமையை நினைவுகூரும்போது இன்றைய மனநிலை அந்நினைவைச் சாயமேற்றுவது இயல்பு. நினைவுகூர்தலை அடிப்படையாகக் கொண்டு 2006இல் ஓட்வேயும் விக்னோல்சும் செய்த ஆய்வில் பெற்றோரின் மிகைமதிப்பீடு, அன்பின்மை ஆகிய இரண்டுமே நார்சிசத்தோடு தொடர்புடையனவாகத் தோன்றின. எது முன், எது பின் என்பதை அறியக் குழந்தைகளையே காலந்தோறும் பின்தொடர வேண்டியிருந்தது.

3.2 அதற்கு முதலில் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 2008இல் தோமேஸ் என்பாரும் உடனாய்வாளர்களும் பத்துக் கூற்றுகள் கொண்ட குழந்தை நார்சிச அளவையை உருவாக்கினர். ஏறத்தாழ ஏழு, எட்டு வயதில்தான் குழந்தைகள் தம்மைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்பீட்டை உருவாக்கவும், பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்கவும் வல்லவராகின்றனர். எனவே அதற்கு முந்திய வயதுக் குழந்தையின் ‘எனக்கு, எனக்கு’ என்னும் பிடிவாதத்தை நார்சிசம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

3.3 2015இல் எடி புருமல்மன் தலைமையிலான குழு நெதர்லாந்தில் செய்த ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகும். 7 முதல் 11 வயது வரையிலான 565 குழந்தைகளையும், அவர்களுடைய தாயருள் 415 பேரையும், தந்தையருள் 290 பேரையும் ஆறு மாத இடைவெளியில் நான்கு முறை ஆராய்ந்தனர். பெற்றோரின் மிகைமதிப்பீடு பின்னாளில் குழந்தையின் நார்சிசம் உயர்வதை முன்னறிவித்தது. அரவணைப்பின்மை அவ்வாறு முன்னறிவிக்கவில்லை. அரவணைப்பு, குழந்தையின் தன்மதிப்பு உயர்வதை முன்னறிவித்தது. மிகைமதிப்பீடு அவ்வாறு செய்யவில்லை. ஆகவே தன்மதிப்பும் நார்சிசமும் ஒரே கோட்டில் அமைந்த கூடுதல் குறைவுகள் அல்ல. இரண்டும் வெவ்வேறு வேர்களை உடையவை. தன்மதிப்பு மிகுந்தால் நார்சிசமாகும் என்னும் பொதுக்கருத்து இதனால் தளர்கிறது.

3.4 மிகைமதிப்பீடு என்பது யாது? அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனை விளக்குகிறது. மிகைமதிப்பிடும் பெற்றோர் தம் பிள்ளையின் நுண்ணறிவைச் சோதனை காட்டும் அளவுக்கும் மேலாகக் கருதினர். உலகில் இல்லாத, ஆய்வாளர் புனைந்துவைத்த பெயர்களையும் செய்திகளையும்கூடத் தம் பிள்ளை அறியும் எனக் கூறினர். பிள்ளைக்கு அரிதான பெயர் சூட்டும் போக்கும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. இங்கு அளக்கப்படுவது அன்பின் அளவன்று. பிள்ளையைப் பற்றிய ஒரு நம்பிக்கை. அந்நம்பிக்கை ஒப்பீட்டு வடிவில் அமைந்தது.

3.5 இம்முடிவுகளுக்கு எல்லைகளும் உண்டு. கண்டறியப்பட்ட தொடர்புகள் அளவில் சிறியவை. ஆராயப்பட்டோர் ஒரே நாட்டினர். நார்சிசப் பண்பில் மரபுவழிப் பங்கும் உண்டு என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின் பெற்றோரை மட்டும் குற்றவாளிகளாக்குதல் முறையன்று. மேலும் இப்பண்பு மாறாத விதியுமன்று. 51 ஆய்வுத் தொகுதிகளைச் சேர்ந்த 37,247 பேரின் தரவுகளைத் தொகுத்து ஊல்ரிஹ் ஓர்த்தும் உடனாய்வாளர்களும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 8 வயது முதல் 77 வயது வரை நார்சிசம் சராசரியாகக் குறைந்துகொண்டே வருவதைக் காட்டியது. ஆயினும் ஒத்த வயதினரோடு ஒப்பிட மிகுதியாக உடையோர் பின்னரும் ஒப்பீட்டளவில் மிகுதியாக உடையோராகவே இருந்தனர்.

4. புகழுரையின் மொழி

4.1 மொழியியலாருக்குத் தனிச் சுவை தருவது 2014இல் இதே குழு வெளியிட்ட புகழுரை ஆய்வாகும். 240 குழந்தைகள் வான் கோவின் காட்டு ரோசா ஓவியத்தைப் பார்த்து வரைந்தனர். பின்னர் ஓவியர் ஒருவர் எழுதியதாக ஒரு குறிப்பு அவர்களுக்குத் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு வந்த குறிப்பு, படம் அழகாக உள்ளது எனப் பாராட்டியது. மற்றொரு பிரிவினருக்கு, நம்பவியலாத அழகுடையது எனப் பாராட்டியது. மூன்றாம் பிரிவினருக்குப் பாராட்டு இல்லை. முதல் இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகுதியை உணர்த்தும் ஓர் அடைச்சொல் மட்டுமே.

அந்த ஒரு சொல் விளைவை மாற்றியது. தன்மதிப்புக் குறைந்த குழந்தைகள் மிகைப்புகழைப் பெற்றபின் கடினமான படங்களைத் தவிர்த்து எளியவற்றையே வரையத் தேர்ந்தனர். அடுத்த முறையும் அவ்வளவு உயரத்தை எட்டியாக வேண்டுமே என்னும் அச்சம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளுக்கே பெரியோர் மிகைப்புகழை மிகுதியாக வழங்குகின்றனர் என்பதையும் அவ்வாய்வு காட்டியது. உதவும் நோக்கில் சொல்லப்படும் சொல்லே தடையாகிறது. 2017இல் வெளிவந்த தொடர் ஆய்வில், பெற்றோரின் மிகைப்புகழ் பின்னாளில் குழந்தையின் தன்மதிப்புக் குறைவதை முன்னறிவித்தது. முன்னரே தன்மதிப்பு உயர்ந்திருந்த குழந்தைகளிடம் மட்டும் நார்சிசம் உயர்வதையும் முன்னறிவித்தது.

4.2 இவ்வாய்வைத் தமிழில் பெயர்ப்பதும், தமிழ்க் குழந்தைகளிடம் மீண்டும் நிகழ்த்துவதும் எளிதன்று. நெதர்லாந்தில் நிகழ்ந்ததை நாம் ஆங்கிலத்தின் வழியாக அறிகிறோம். மிகுதிப் பொருள் தரும் உரிச்சொற்களாகச் சால, உறு, தவ, நனி, கூர், கழி என ஆறனை நன்னூல் ஒருங்கே தரும். இவற்றுள் எதுவும் இன்று ஒரு குழந்தையிடம் பேசப் பயன்படாது. பேச்சுவழக்கில் ‘ரொம்ப’ என்பதே பயில்கிறது. ஆனால் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்பது இன்று பல இடங்களில் சாதாரணப் பாராட்டு. அடையில்லாத ‘நல்லா இருக்கு’ என்பதோ தயங்கிச் சொன்னதாகக் கொள்ளப்படும். எனவே சொல்லுக்குச் சொல் நேர்ப்படுத்தினால், ஆய்வில் நடுநிலைப் புகழாக இருந்தது தமிழில் குறைப்புகழாகவும், மிகைப்புகழ் நடுநிலைப் புகழாகவும் மாறிவிடக்கூடும். அடைச்சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் நோக்காது, அம்மொழியில் வழக்கமான பாராட்டிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் அளந்தே பெயர்க்கவேண்டும்.

4.3 தன்மைப் பெயர் பற்றிய ஒரு கருத்தும் இங்குக் குறிக்கத்தக்கது. ‘நான்’ என மிகுதியாகக் கூறுவோர் நார்சிசம் மிக்கவர் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. யான், எனது என்பவற்றைச் செருக்கோடு இணைத்துக் கூறும் குறள் 346 நம் நினைவுக்கு வரும். ஆனால் அக்குறள் கடிவது பற்றினையே அன்றிச் சொல்லினை அன்று. 4,811 பேரின் ஆங்கில, ஜெர்மன் மொழிப் பேச்சையும் எழுத்தையும் ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, தன்மை ஒருமைப் பெயரின் பயன்பாட்டிற்கும் நார்சிசத்திற்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு இல்லை எனக் கண்டது. வினைமுற்று விகுதியே இடத்தை உணர்த்துவதால் எழுவாயை விட்டுவிட இடந்தரும் தமிழில், ஒரு பிள்ளை ‘நான்’ எனக் கூறும் எண்ணிக்கையைக் கொண்டு அதன் மனத்தை அளப்பது இன்னும் பொருந்தாது.

5. தமிழாக்கச் சிக்கல்கள்

5.1 செல்லம்: இச்சொல் அரவணைப்பு, கண்டிப்பின்மை, கேட்டதெல்லாம் கொடுத்தல், பிள்ளையை உயர்த்திப் பேசுதல் ஆகிய நான்கையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்துள்ளது. ஆய்வோ இம்முடிச்சை அவிழ்ப்பதையே தன் பணியாகக் கொண்டது. எனவே ஆய்வுநூல்களில் மிகைமதிப்பீடு, அரவணைப்பு, கட்டுப்பாடின்மை எனத் தனித்தனிச் சொற்களை ஆளுதல் இன்றியமையாதது. தாலாட்டில் குழந்தையை மன்னன் என விளிக்கும் தாய் அண்டைவீட்டுப் பிள்ளையைவிட அது உயர்ந்தது என வாதிடுவதில்லை. அது பாசத்தின் மொழி. அதனை மிகைமதிப்பீட்டோடு குழப்பலாகாது.

5.2 சிறப்பு: மிகைமதிப்பீட்டு அளவையில் பிள்ளையின் தனிச்சிறப்பைப் பற்றிய கூற்றுகள் இடம்பெறும். அவற்றைச் ‘சிறப்புக் குழந்தை’ எனப் பெயர்த்தால், உடல் அல்லது அறிவு வளர்ச்சியில் தனிக் கவனம் வேண்டும் குழந்தை என்றே இன்றைய தமிழ்ப் பெற்றோர் கொள்வர். இரக்கத்தைத் தூண்டும் சொல் உயர்வெண்ணத்தை அளக்க உதவாது.

5.3 ஒப்பீட்டு உருபு: தன்மதிப்பு உடைய பிள்ளையின் எண்ணம் ‘நான் நல்ல பிள்ளை’ என்பது. நார்சிசம் உடைய பிள்ளையின் எண்ணம் ‘நான் மற்றவர்களைவிட நல்ல பிள்ளை’ என்பது. முழுக் கோட்பாடும் அந்த ‘விட’ என்பதில் அடங்கியுள்ளது. தமிழில் பெயரடை ஒப்பீட்டிற்காகத் திரிவதில்லை. ஐந்தாம் வேற்றுமை ஒப்புப் பொருளாலோ, ‘விட’, ‘காட்டிலும்’ போன்ற சொல்லுருபுகளாலோ அது உணர்த்தப்படுகிறது. மேலும் ‘சிறந்த மாணவர்’ என்னும் தொடர் நன்கு கற்கும் மாணவரையும், எல்லாரினும் மேம்பட்டவரையும் ஒருங்கே குறிக்கும். நடைச் செறிவு கருதி ஒப்பீட்டு உருபை விட்டுவிடும் பழக்கம் பிற நூல்களில் பெரிய தீங்கு செய்யாது. இத்துறையிலோ அது நார்சிசத்தைத் தன்மதிப்பாக மாற்றிவிடும்.

5.4 பெருமிதம்: மிகையுருவான தன்னிலையைக் குறிக்கச் சிலர் இச்சொல்லை நாடக்கூடும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் பெருமிதம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று. கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கு நிலைக்களன்களை உடையது. அதாவது காரணம் உடைய உயர்வுணர்வே பெருமிதம். காரணமின்றி எழும் உயர்வெண்ணத்திற்கு அப்பெயர் பொருந்தாது.

5.5 சுயமரியாதை: தன்மதிப்பைக் குறிக்க இச்சொல்லை ஆள்வோர், 1925இல் தோன்றிய இயக்கத்தின் வரலாறு அதனோடு பிணைந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிறர் இழிவுபடுத்துவதை மறுத்து எழும் மான உணர்வே அங்கு முதன்மை. உளவியல் அளக்கும் தன்மதிப்பு அதனோடு தொடர்புடையதாயினும் அதுவே அன்று.

5.6 தன்முனைப்பு: இதுவும் நார்சிசத்தைக் குறிக்க ஆளப்படுவதுண்டு. ஆனால் ஆட்டிசத்தைக் குறிக்கவும் ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்னும் தொடர் வழங்கி வந்துள்ளது. தொடர்பற்ற இரு நிலைகள் ஒரே சொல்லால் இணைவதால் விளையும் தீங்கை விளக்க வேண்டுவதில்லை.

5.7 செருக்கு, தற்பெருமை: இவை அறநெறிச் சொற்கள், குற்றம் என்னும் தீர்ப்பைத் தாமே உடன்கொண்டு வருவன. கோஹுட் பேசும் நலமான நார்சிசத்தை ‘நலமான செருக்கு’ எனப் பெயர்த்தால் அது தன்னுள் முரணும். தன்னைத் தான் புகழ்தலைக் கடியும் நன்னூலும்கூட, தன் ஆற்றலை உணராதாரிடத்தும், மாற்றார் தன்னைப் பழிக்கும் இடத்தும் அதனைத் தகும் என விலக்களித்துள்ளது. இடம் நோக்கியே தற்புகழ்ச்சி குற்றமாகும் என்னும் அப்பார்வை ஆய்வாளருக்கும் வேண்டுவது.

5.8 தற்காதல், தன்வியப்பு: ‘தன்’ என்னும் அடியை முன்னிட்ட தொகைகளில் அதன் உறவு ஒரு தன்மைத்தன்று. தற்கொலை, தற்காப்பு ஆகியவற்றில் அது செயப்படுபொருள், தற்செயலில் அவ்வாறன்று. தற்காதலில் அது காதலுக்குரிய பொருள். ஆகவே காதலாற்றல் தன்னை நோக்கித் திரும்புவதாகப் பிராய்டு கூறிய கருத்திற்குத் ‘தற்காதல்’ பொருந்தும். நெக்கேயின் பாலியற் பொருளைக் குறிக்குமிடத்தும் விளக்கத்தோடு அதனை ஆளலாம். ஆனால் இன்றைய குழந்தை ஆய்வுகள் அளப்பது காதலையன்று. தன்னைப் பிறரினும் மேலாகக் கண்டு வியத்தலையும், பிறரும் அவ்வாறே வியக்கவேண்டும் என எதிர்பார்த்தலையும் ஆகும். ‘தன்னை வியத்தல்’ என்னும் வழக்கு குறள் 439இல் உள்ளது. குற்றங்கடிதல் அதிகாரம் அதனை விலக்குகிறது. அதனடியாகத் ‘தன்வியப்பு’ என்னும் சொல்லைப் பண்புக்கூறு ஆய்வுகளுக்குப் பரிந்துரைக்கலாம். வியப்பு காண்போனுக்கும் காட்சிக்கும் இடையே நிகழ்வது. ஆதலின் நீரில் உருவைக் கண்டவன் கதையையும், தாயின் கண்ணில் தன்னைத் தேடும் குழந்தையையும் அச்சொல் ஒருங்கே தாங்கும். ‘தன்மதிப்பு’ என்பதோடு வைத்து நோக்கும்போது வேறுபாடும் தெளிவாகும்: மதித்தலுக்கு ஒப்பீடு வேண்டுவதில்லை, வியத்தலுக்கு உயரம் வேண்டும்.

நோயறி கையேட்டின் வகையைக் குறிக்குமிடத்து ‘நார்சிச ஆளுமைக் கோளாறு’ என ஒலிபெயர்ப்பையே ஆளுதல் நன்று. நோயாளிக்கு இடப்படும் பெயர் அவரைப் பழிக்கும் சொல்லாக அமையலாகாது.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் கீழ்க்காண்பவை பெறப்படும். நார்சிசம் என்னும் சொல் காலந்தோறும் பொருள் மாறியுள்ளதால் அதற்கு ஒரே தமிழ்ச்சொல்லை எல்லா இடத்தும் ஆளுதல் இயலாது. மூலத்தின் கோட்பாட்டை அறிந்தே சொல் தேரவேண்டும். குழந்தைப் பருவ வேரைப் பற்றிய ஆய்வுகளில் அரவணைப்பு, மிகைமதிப்பீடு என்னும் இரண்டும் தனித்தனிச் சொற்களால் பிரித்துக் காட்டப்பட வேண்டும். ஒப்பீட்டு உருபுகளையும் மிகுதி அடைகளையும் நடைக்குரியனவாக மட்டும் கருதி விடவோ சேர்க்கவோ கூடாது. அவையே இங்குப் பொருளின் உயிர்நிலை.

பிள்ளையை அணைத்துக்கொள்ளவும், அதன் முயற்சியை உள்ளவாறு பாராட்டவும் எந்தப் பெற்றோரும் அஞ்ச வேண்டுவதில்லை என்பதே இவ்வாய்வுகளின் சாரம். தவிர்க்கவேண்டுவது மற்றவர்களைவிட மேலானவன் என்னும் எண்ணத்தை அதன் மனத்தில் ஊன்றுதல் மட்டுமே. இச்சாரம் தமிழில் சிதையாது சென்றுசேர்வது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. தமிழ்க் குழந்தைகளுக்கென இவ்வளவைகளைத் தகவமைக்கும் பணியில் உளவியலாரும் மொழியியலாரும் இணைந்து செயற்படுதல் பெரும்பயன் விளைக்கும்.